புதுப்பிப்பு: குருமடத்து அம்மாவின் 30ஆம் நாள், களிதான் முடிவு

தருமபுரி குருமடத்தின் (கத்தோலிக்கக் குருக்களாகப் போகிறவர்கள் பயிலும் இல்லம்) சமையலறையில் நெடுங்காலம் உழைத்து மறைந்த அம்மாவின் 30ஆம் நாள் திருப்பலிக்குப் பின் என்ன சமைப்பது என்று முன்பு கேட்டிருந்தோம். பலர் பிரியாணி என்றீர்கள். அவர் கையால் உண்டவர்கள் எல்லாரும் கேட்டது கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். அதுதான் சரி.

60 பேருக்கு 5 கிலோ மாவு, 1 கிலோ நொய்யரிசி, ஏறக்குறைய 12 லிட்டர் தண்ணீர். ஒரே அண்டாவில் வேண்டாம். 5 கிலோவைக் கிண்ட எந்தத் தோளும் தாங்காது. இரண்டு அண்டாக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நொய் குழைந்த பிறகே மாவு. நடுவில் குவியலாகக் கொட்டி, களி கிண்டும் துடுப்பின் காம்பால் நாலைந்து குழி போட்டு, மூடி, சிறு தீயில் 10 நிமிடம் விடுங்கள். அதற்குள் கிண்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். அம்மா யாரையும் அந்த நேரத்தில் மூடியைத் தொடவிட மாட்டார். பிறகு ஒரு செம்பு கொதிநீரை எடுத்து வைத்துவிட்டுக் கிண்டுங்கள். இறுகினால் அதையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம்.

ஆறினால் களி விறைத்துவிடும். ஆகவே திருப்பலியின் முடிவில் வரும் நன்றி மன்றாட்டு தொடங்கும்போது மாவு கொட்டினால் போதும். உருட்ட நான்கு பேர் வேண்டும். துடுப்பு இரண்டுதான் இருக்கிறது. வீட்டில் துடுப்பு வைத்திருப்பவர்கள் ஒன்று எடுத்து வாருங்கள்.