ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. நம் மாமாவுக்கும் அதற்கும் உறவு உண்டா?

கேள்வி:

என்னோடு வேலை செய்பவர்களில் ஒருவர் ஜார்ஜியாக்காரர். போன வாரம் இருவரும் வீடியோ அழைப்பில் ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வயதிருக்கும் அவர் மகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். திரையில் தெரிந்த என்னையே பார்த்தபடி “மாமா, மாமா” என்றாள். எனக்கு அம்மா வழியில் மூன்று மாமாக்கள். மூவருமே தூக்கி வளர்த்தவர்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனம் நிறைந்து, “என்னடா கண்ணு?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பிறகுதான் நண்பர் விளக்கினார்: அவள் கூப்பிட்டது அவரை. அவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பா. அம்மாவுக்கு ‘தெதா’.

வெறும் மழலையோ என்று கேட்டேன். இல்லையாம். தாய்மொழி என்பதற்கு ‘தெதாஎனா’, தலைநகருக்குத் தாய்நகரம் என்ற பொருளில் ‘தெதாகலாகி’. சேவல் ‘மாமலி’, பாதிரியாரை ‘மாமாஓ’ என்று அழைக்கிறார்கள். சொல் இவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறதே, நம் மொழியோடு பழைய தொடர்பு ஏதாவது இருக்குமா? இரண்டு நாளாக இதே நினைப்பு.

பதில் 1:

இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒலி அச்சு அசலாக அதுவே. இரண்டு மொழியிலும் குடும்பத்தில் பெரியவரான ஓர் ஆணைத்தான் குறிக்கிறது. தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

பதில் 2:

ஒற்றைச் சொல்லை வைத்து மொழிகளுக்கு உறவு சொல்ல முடியாது. வரிசையாக ஒத்துவர வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. நம் பகரம் சொல்லின் முதலில் நிற்கும் இடத்தில் அங்கே ஹகரம், சொல்லுக்குச் சொல். இதுதான் சான்று. ஜார்ஜிய எண்களைப் பாருங்கள்: ஒன்று ‘எர்த்தி’, இரண்டு ‘ஓரி’, மூன்று ‘சாமி’. அந்த மூன்றும் நாம் கும்பிடும் சாமியும் காதுக்கு ஒன்றுதான். அதை யாரும் உறவு என்று சொல்ல மாட்டோம். மாமாவிடம் மட்டும் மயங்கிப்போகிறோம், அது நெஞ்சுக்கு நெருங்கிய சொல் என்பதால்.

ஆனாலும் மாமா வெறும் தற்செயலும் அல்ல. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று தொல்காப்பியமே சொல்கிறது. பல்லே முளைக்காத குழந்தைக்கும் உதடு இருக்கிறது. பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்கும், மூச்சு மூக்கு வழியே வரும். அப்போது எழக்கூடிய முனகல் ‘ம்’ ஒன்றுதான். பின்னாளில் பசிக்கும் ஆளைத் தேடுவதற்கும் குழந்தை அதே ஒலியை எழுப்புகிறது என்றார் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன். அம்மா, அப்பாவைக் குறிக்கும் 1,072 சொற்களை உலகெங்குமிருந்து திரட்டினார் ஜார்ஜ் மர்டாக் என்ற மானிடவியலாளர் (1959). அம்மாவுக்கான சொற்களில் 55 சதவீதத்தில் மெல்லின ஒலி இருந்தது, அப்பாவுக்கானவற்றில் 15 சதவீதத்தில்தான்.

ஒலி குழந்தையுடையது. அது யார் பெயர் என்று தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். அதனால்தான் ஜார்ஜியம் மாமாவை அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான பித்ஜன்ஜாராவிலும் ‘மாமா’ அப்பாதான். துருக்கியில் அதே சொல் குழந்தைக்கு ஊட்டும் உணவு. நம் ‘மம்மு’வை நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத்தில் அம்மா ‘ஹஹ’. பழைய வடிவம் ‘பப’ என்கிறார்கள் ஆய்வாளர்கள். கன்னடத்தில் நடந்த அதே ப, ஹ மாற்றம் அங்கேயும் தனியாக நடந்திருக்கிறது!

பதில் 3:

இந்தி ‘மாமா’வை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நெடுங்காலம் அருகருகே வாழ்ந்த மொழிகளின் சங்கதி. ஆனால் அங்கே அது தாயின் உடன்பிறந்தவரை மட்டுமே குறிக்கும். அத்தையின் கணவர் ‘பூபா’, மாமனார் ‘சசுர்’. தமிழிலோ மூவரும் மாமா. ஒரே சொல்தான், ஆனால் நம்முடையது அளக்கும் நிலம் பெரிது.

கேள்வி கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. சாமி கேட்டதும் தெளிந்துவிட்டேன்.

நேற்று நண்பரிடம் மீண்டும் பேசினேன். அந்தக் குழந்தை தன் தாய்மாமனை எப்படி அழைக்கும் என்று கேட்டேன். ‘பிட்ஸா’வாம், சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அதே சொல். அதற்குள் அவள் அறைக்குள் வந்து எதற்கோ சிணுங்கினாள். அவர் அவள் தலையைத் தடவி ‘மாமிகோ’ என்றார். ஜார்ஜியாவில் அப்பா தன் பெயரையே குழந்தைக்குக் கொடுத்துக் கொஞ்சுவாராம். அம்மாவானால் ‘தெதிகோ’ என்பாராம். நான் என் மகளை “வாம்மா” என்றுதான் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். “உங்கள் அம்மாவையா?” என்றார். ஆமாம் என்றேன்.