ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்: நடுவுல இருந்த தளமெல்லாம் எங்கே?

கருங்குயில்:
ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்ங்கற ஜப்பானிய அனிமே தொடரோட முதல் சீசனை இந்த வாரம் மறுபடி முழுசா உட்கார்ந்து பார்த்தேன். 2012ல வந்தப்போ நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி ஏழு பேர் நெருக்கியடிச்சுப் பார்த்தோம், தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினோம். இப்போ பார்த்தா ஆற்றாமையா இருக்கு.

பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். கதை தொடங்குற நாள் 2022 நவம்பர் 6. நெர்வ்கியர்னு ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு 10,000 பேர் ஒரு கேமுக்குள்ள போறாங்க. சாயங்காலம் பார்த்தா மெனுவுல லாக்-அவுட் பட்டனைக் காணோம். கேமை உருவாக்கின கயாபா அகிஹிகோ வானத்துல சிவப்பு அங்கியோட தோன்றி, உள்ளே உயிர் போனா ஹெல்மெட் மூளையைப் பொசுக்கிடும், வெளியே யாராச்சும் கழட்டினாலும் அதே கதிதான், அய்ன்க்ராட் கோட்டையோட 100 தளத்தையும் ஜெயிச்சாத்தான் வீட்டுக்குப் போகலாம்னு சொல்றார். அவர் அதைச் சொல்றதுக்கு முன்னாடியே 213 பேர் செத்திருக்காங்க. வீட்டுல இருந்தவங்க பதறிப்போய்க் கழட்டிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சின்னக் கண்ணாடி வருது. அதுல பார்த்த நிமிஷம், ஆசை ஆசையா உருவாக்கின முகம் போய் சொந்த முகம் வந்துடுது. சதுக்கத்துல நிக்கிற கூட்டமே வேற கூட்டமா மாறிப்போகுது. அந்தக் காட்சிக்கு இன்னைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.

என் மனக்குறை அதுக்கப்புறம்தான். ரெண்டாவது எபிசோட்ல முதல் தளத்து பாஸ், அதாவது அந்தத் தளத்தைக் காக்கிற பெரிய எதிரி. மூணாவது 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ்ல முடியுது. நாலாவது 2024 பிப்ரவரி. எட்டாவதுக்கு வந்தா 74-ம் தளம். பதினாலாவதுல கேமே முடிஞ்சுபோச்சு. ரெண்டு வருஷம், ஏறக்குறைய 4,000 சாவு. நாம கண்ணால பார்த்த தள பாஸ் சண்டை 1, 74, 75, அவ்வளவுதான். அவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டி, முன்வாசல்ல நிக்க வச்சுட்டு, அப்படியே பின்வாசல் வழியா வெளியே அனுப்பிட்டாங்க. இதை நல்ல தொடர்னு இனிமே என்னால சொல்ல முடியாது.

வடக்குவீதி:
முழுசா ஒத்துக்கிறேன், இன்னும் மேலேயே போவேன். 10,000 பேர் ரெண்டு வருஷம் வாழ்ந்த ஊர் அது. சண்டைக்குப் போகத் துணியாதவங்க எப்படிப் பொழைச்சாங்க? கொலை நடந்தா யார் விசாரிச்சா? முதல் தளத்துல ஒரு 'ராணுவம்' குழந்தைங்ககிட்டகூட வரி பிடுங்குது. எவ்வளவு பெரிய கதை அது! பதினொண்ணாவது எபிசோட்ல தலைகாட்டிட்டு அடுத்ததோட முடிஞ்சுடுது.

2013ல ஜப்பானோட என்ஹெச்கே டிவியில வந்த லாக் ஹொரைசன் தொடரைப் பாருங்க. அங்கேயும் கேமுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கதான். மெனுவைத் தட்டினா சாப்பாடு வந்துடும், ஆனா எதுலயும் ருசியே இருக்காது. சமையல் திறன் உள்ள ஒருத்தர் மெனுவை விட்டுட்டு, நிஜமா கத்தி எடுத்து நறுக்கி அடுப்புல ஏத்தினாத்தான் நாக்குக்கு ருசி தெரியுது. இந்த ஒரு கண்டுபிடிப்பை வச்சு பர்கர் கடை, அதுல திரட்டின பணம், அந்தப் பணத்துல நாயகன் ஷிரோயே கில்ட் (ஆட்டக்காரர் குழு) கட்டடத்தையே விலைக்கு வாங்கி, அகிஹபாரா ஊருக்கு ஒரு வட்டமேசை மன்றத்தை அமைக்கிறான். செத்தா திரும்பி வரலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நினைவு கழிஞ்சுபோகும். அந்தப் பயம் தொடர் முழுக்கக் கூடவே வருது.

இங்கே? நாயகன் கிரிட்டோவுக்கு நெருக்கடி வந்தா புதுத் திறமை முளைக்குது. 74-ல இரட்டை வாள். 75-ல உயிர்க்கோடு பூஜ்யத்துக்கு வந்து உடம்பு கரையற நேரத்துல, மன உறுதியாலேயே நின்னு எதிரியைக் குத்துறான். கேம்னா விதி இருக்கணும். நாயகனுக்காக விதி வளைஞ்சா, அதுக்கு முன்னாடி செத்த 4,000 பேருக்கும் மன உறுதி இல்லைன்னு அர்த்தமா?

நிலாச்சோறு:
அண்ணா, அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது, என்கிட்ட பதில் இல்லை. ஆனா நீங்க ரெண்டு பேரும் கோட்டையைத் தேடுறீங்க. எனக்கு அந்தக் கோட்டைக்குள்ள மாட்டின மனுஷங்கதான் தொடர்.

மூணாவது எபிசோடை எடுத்துக்குங்க. ஒரே பள்ளிக்கூடத்து அஞ்சு பேர் சேர்ந்த சின்ன கில்ட். தனியாத் திரிஞ்ச கிரிட்டோ, தன் லெவலை மறைச்சு அவங்களோட சேருறான். சாச்சிங்கற பொண்ணுக்குச் சாவு பயம். ஒரு ராத்திரி ஓடிப்போய்ப் பாலத்துக்கடியில ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கா. "நீ சாகமாட்டே"ன்னு இவன் வாக்குக் குடுக்கிறான். அப்புறம் 27-ம் தளத்துல ஒரு பெட்டியைத் திறக்கிறாங்க, பொறி. கிரிட்டோ மட்டும் உயிரோட வெளியே வர்றான். வீடு வாங்கப் போயிருந்த கில்ட் தலைவன் சேதி கேட்டதும் கோட்டை விளிம்புல இருந்து குதிச்சுடுறான்.

கிறிஸ்துமஸ் ராத்திரி, செத்தவங்களை எழுப்பற ஒரு பொருளுக்காக கிரிட்டோ தனியாப் போய்ச் சண்டை போட்டு ஜெயிக்கிறான். எடுத்து விவரம் படிச்சா, செத்து 10 விநாடிக்குள்ளதான் வேலை செய்யும். அதுக்கப்புறம் வருது சாச்சி முன்கூட்டியே பதிவு பண்ணி வச்ச குரல். உன் லெவல் எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்றா. நேரம் மிச்சமிருக்குன்னு சிவப்பு மூக்கு மானோட பாட்டை முணுமுணுக்கிறா. எனக்குப் பதினாறு வயசு, பக்கத்துல தம்பி. ரெண்டு பேரும் அழுதோம், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கலை.

தளத்தை எண்ணித் தொடரை எடைபோட்டா இதை எந்தத் தட்டுல வைப்பீங்க?

பழையகணக்கு:
தளங்கள் விடுபட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கி கவஹாரா இந்தக் கதையை 2002-ம் ஆண்டு டெங்கெக்கி நாவல் போட்டிக்காக எழுதினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் அனுப்ப முடியவில்லை. வேறொரு புனைபெயரில் இணையத்தில் வெளியிட்டு வந்தார். பின்னர் அவருடைய இன்னொரு நாவலான ஆக்செல் வேர்ல்ட் அதே டெங்கெக்கியில் பெரும்பரிசு பெற்ற பிறகுதான் 2009-ல் இது புத்தகமானது.

போட்டிக்கென எழுதியது என்பதால் முதல் தொகுதியிலேயே கதை முடிந்தாக வேண்டும். ஆகவே அது 74-ம் தளத்தில் தொடங்கி 75-ல் முடிகிறது. சாச்சி, சிலிக்கா, லிஸ்பெத், யுய் ஆகியோரின் கதைகள் இரண்டாம் தொகுதியில் தனித்தனிச் சிறுகதைகள். நாவலில் முதலில் முடிவைப் படித்துவிடுகிறோம், பிறகு பழைய நாட்களைத் திரும்பிப் பார்க்கிறோம். சாச்சியின் கதை அப்படிப் படிக்கும்போது ஒரு தழும்பைத் தடவிப் பார்ப்பதுபோல இருக்கும். இயக்குநர் டொமோஹிகோ இட்டோவின் குழு எல்லாவற்றையும் நாள்வரிசையில் அடுக்கியது. சிறுகதைகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் அதனால்தான் பள்ளங்களாகத் தெரிகின்றன. பழுது கதையில் இல்லை, அடுக்கியதில் இருக்கிறது என்பது என் முடிவு.

கருங்குயில்:
பழையகணக்கு ஐயா, இது எனக்குப் புதுத் தகவல், நன்றி. ஆனா பள்ளம் எப்படி விழுந்ததுன்னு தெரிஞ்சா பள்ளம் மூடிடாதே. கவஹாராவே 2012ல ப்ரோக்ரெசிவ்னு ஒரு தனி வரிசை தொடங்கி, முதல் தளத்துல இருந்து ஒவ்வொரு படியா மறுபடி எழுத ஆரம்பிச்சார். 2021ல அதுல இருந்து படமும் வந்தது. எழுதினவருக்கே அந்த இடம் காலியா உறுத்தலைன்னா ஏன் திரும்பி வரணும்?

நிலாச்சோறு, மூணாவது எபிசோடுக்கு நான் தலை வணங்குறேன். அதனாலதான் கோபமே. நாலாவதுல கிரிட்டோ சிலிக்காவுக்கு உதவுறான், ஏழாவதுல லிஸ்பெத். ரெண்டு பேரும் அவன் மேல ஆசைப்பட்டுட்டு ஓரமா நிக்கிறாங்க. சாச்சி செத்தது அவன் நடையில, தூக்கத்துல, பேச்சுல எங்கே தெரியுது? ஒரு எபிசோட்ல அவ்வளவு பெரிய காயம், அடுத்ததுல தழும்பே இல்லை.

மருந்துவாடை:
நான் தீவிர சிகிச்சைப் பிரிவுல பதினோரு வருஷமா நர்ஸ். இந்தத் தொடரை யாரும் பேசாத ஒரு பக்கத்துல இருந்து பார்க்கிறேன். அந்த 10,000 உடம்பும் எங்கேயோ கட்டில்ல கிடக்கு.

நினைவில்லாம கிடக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா இடுப்புலயும் குதிகால்லயும் புண்ணு வந்துடும். தசை நாளுக்கு நாள் கரையும், மூட்டு இறுகும். பதிமூணாவது எபிசோட்ல கிரிட்டோவும் அவன் காதலி அசுனாவும், வெளியே கிடக்கிற நம்ம உடம்பு எத்தனை நாள் தாங்கும்னு பேசிக்கிறாங்க பாருங்க, அந்த இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதைக் கேட்ட அப்புறம் 100 தளங்கறது எனக்கு வேற கணக்காயிடுச்சு.

பதினாலாவதோட கடைசி நிமிஷம்: கிரிட்டோ கண் முழிக்கிறான். தோள் வரைக்கும் முடி, எலும்பா ஒரு கை. ட்ரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு, கால் நிக்காம, அசுனா பேரைச் சொல்லிக்கிட்டே நடக்கிறான். அதை வரைஞ்சவங்க நிஜமா ஒரு நோயாளி எழுந்து நடக்கிறதைப் பார்த்திருக்கணும். ஆனா அடுத்த எபிசோட்ல, ரெண்டே மாசத்துல, வீட்டுல தங்கச்சியோட கெண்டோ, அதான் மூங்கில் வாள் சண்டை, ஆடுறான். தோத்துத்தான் போறான், இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பலை. அந்த ரெண்டு மாசத்து பிசியோதெரபிதான் நான் பார்க்க ஆசைப்பட்ட விடுபட்ட தளம்.

வடக்குவீதி:
அக்கா, நீங்க சொன்ன அதே பதினஞ்சாவதுலதான் எனக்குத் தொடர் உடைஞ்சது. அசுனா யாரு? நைட்ஸ் ஆஃப் தி பிளட் கில்டோட துணைத்தலைவி. முன்வரிசைப் படையையே நடத்தினவ. கிரிட்டோ முழிச்ச அப்புறமும் அவ முழிக்கலை; அவளைத் தூக்கி இன்னொரு கேமுக்குள்ள ஒரு கூண்டுல அடைச்சு, சுகோ நொபுயுகிங்கற அற்பனைக் காவலுக்கு வச்சு, ஏறக்குறைய பத்து எபிசோடு காத்திருக்க விட்டாங்க. 24-வது எபிசோட்ல அவளுக்கு நடக்கிற பலாத்கார முயற்சி, கிரிட்டோவோட கோபத்தை ஏத்தத்தான் வச்சிருக்கு. அவ வலியைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. என் தங்கச்சிக்குப் பத்தொன்பது வயசு, அனிமே பார்க்கத் தொடங்கியிருக்கா. அந்தக் காட்சிக்காகவே இதை நான் அவளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலாச்சோறு:
அந்தக் காட்சிக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பார்க்கும்போது நான் எழுந்து போயிட்டேன். ஆனா கூண்டுல சும்மா காத்திருந்தான்னு சொல்றது சரியில்லை அண்ணா. சுகோ கதவு எண்ணை அழுத்தும்போது தூரத்துல இருந்து பார்த்தாத் தெரியாதபடி பண்ணியிருப்பான். அசுனா கண்ணாடியில அதோட பிரதிபலிப்பைப் பார்த்து எண்ணை மனப்பாடம் பண்றா. தானே திறந்து வெளியே போய், 300 பேரோட மூளையை வச்சு நடக்கிற சோதனைக்கூடத்தைக் கண்டுபிடிக்கிறா. மாட்டிக்கிறா, ஆனா சாவி அட்டையைக் கைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வர்றா. கிரிட்டோவுக்கு வழி கிடைக்கிறதே அந்த அட்டையாலதான்.

மருந்துவாடை:
ரெண்டாவது சீசனோட கடைசிப் பகுதியை யாருமே எடுக்கலையே. அதைச் சேர்க்காம இந்தத் தொடருக்குத் தீர்ப்புச் சொன்னா நியாயமில்லை.

யூக்கிங்கற பொண்ணு. பிறந்தப்போ ஏத்தின ரத்தத்தால எச்ஐவி. மெடிக்யூபாய்டுன்னு ஒரு இயந்திரத்துக்குள்ள மூணு வருஷமா இருக்கா. நெர்வ்கியர் மாதிரியே உணர்வை உடம்புல இருந்து துண்டிக்கிறதுதான், ஆனா இது வலி தெரியாம வைக்கிறதுக்கு. கயாபா சிறை கட்டின அதே வித்தையில இவளுக்குக் கால் கிடைச்சிருக்கு, ஓடுறா, வாள் வீசுறா. அசுனா ஒரு கேமராவைத் தோள்ல கட்டிக்கிட்டு அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவா. வகுப்புல யூக்கியைப் பாடம் வாசிக்கச் சொல்வாங்க. அந்தக் குரல் தெளிவா, அவசரமில்லாம வரும். எங்க வார்டுல ஒரு பையன் ஆறு மாசம் இருந்தான். போன்ல அவன் வகுப்புப் பிள்ளைங்க பாடம் படிக்கிற சத்தத்தை வச்சுக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பான். எனக்கு அந்தக் காட்சியை அதுக்கு மேல பார்க்க முடியலை, நிறுத்திட்டு மறுநாள்தான் முடிச்சேன்.

வடக்குவீதி தம்பி, உங்க தங்கச்சிக்கு முதல் சீசன் வேண்டாம், சரி. இதை மட்டும் காட்டுங்க.

வடக்குவீதி:
முதல் சீசன் பார்க்காதவளுக்கு அசுனா யாருன்னே தெரியாதே அக்கா. அதுதான் என் வருத்தம். நல்லதுக்குப் போற பாதை அந்த 24-வது எபிசோட் வழியாப் போகுது. முதல் 14 எபிசோடைக் காட்டி, நடுவுல நடந்ததை நானே வாயால சொல்லி, நேரா யூக்கிகிட்டக் கூட்டிட்டுப் போறேன். தொடருக்கு என் மதிப்பெண் மாறாது.

கருங்குயில்:
நான் ரெண்டாவது சீசனைப் பாதியிலேயே விட்டவன். யூக்கி கதை எந்த எபிசோட்ல தொடங்குது?

பழையகணக்கு:
18. தொடக்கத்திலேயே 22-ம் தளத்து மரவீடு வரும். முதல் சீசனின் 13-வது எபிசோடில் கிரிட்டோவும் அசுனாவும் தங்கி, ஏரியில் அந்தப் பெரியவரோடு மீன் பிடித்தார்களே, அதே வீடு. அதைத் திரும்ப வாங்கியிருப்பார்கள்.

கருங்குயில்:
சரி. இன்னைக்கு ராத்திரி 13-ஐ ஒரு தடவை பார்த்துட்டு, அங்கிருந்து நேரா 18-க்குப் போறேன்.