ஒரே விலையில் இரண்டு ரோடு பைக்குகள்: அலுவலகம், கோத்தகிரி ஏற்றம், 200 கிலோமீட்டர் பிரெவே, மூன்றுக்கும் பொருந்துவது எது?

கேள்வி: வடவள்ளி சைக்கிள்காரன்

நண்பர்களுக்கு வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஒரு ஹைபிரிட் சைக்கிளை ஓட்டிவருகிறேன். இப்போது முதல்முறையாக ஒரு ரோடு பைக் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது. கோவையில் கடைகள் ஏறி இறங்கியதில் இரண்டு வண்டிகள் மனத்தில் நின்றுவிட்டன. இரண்டுக்கும் விலையில் மூவாயிரம் ரூபாய்கூட வித்தியாசம் இல்லாததால், விலையை வைத்து முடிவெடுக்கவும் வழியில்லை. நிறுவனங்களின் பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்பதால் விவரங்களை மட்டும் தருகிறேன்.

முதல் வண்டி 9.3 கிலோ, அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை), ஷிமானோ டியாக்ரா 10 கியர், பின்னால் 12-28 கேசட் (12 முதல் 28 பல் வரையிலான பல்சக்கரத் தொகுப்பு), ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பைப் பிடிப்பது), 25 மி.மீ. டயர். இரண்டாவது வண்டி 10.6 கிலோ, அதுவும் அலுமினியச் சட்டமும் கார்பன் ஃபோர்க்கும்தான், ஆனால் ஷிமானோ சோரா 9 கியர், 11-34 கேசட், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 32 மி.மீ. டயர். பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரங்கள் இரண்டு வண்டிகளிலும் 50/34 பல். என் உயரத்துக்கான அளவில், முதல் வண்டியைவிட இரண்டாவதில் ஹேண்டில் ஏறத்தாழ 25 மி.மீ. உயரமாக நிற்கிறது.

வாரத்தில் மூன்று நாள் வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு சிறுவாணி ரோட்டிலோ ஆனைகட்டி ரோட்டிலோ 60, 70 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் மண் பாதைகளிலும் புகுந்துவிடும் பழக்கம் உண்டு. அடுத்த பருவத்தில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஒன்றை முடிக்க வேண்டும் என்பது ஆசை. எனக்கு வயது 38, எடை 70 கிலோ. டியாக்ரா ஒரு படி மேலானது, எடையும் குறைவு, ஆகவே முதல் வண்டிதான் கொடுத்த காசுக்கு மதிப்பு என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் இரண்டாகவே நிற்கிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில் 1: நொய்யல்கரை

தம்பி, இரண்டு வண்டிகளின் விலையும் ஒன்றாக இருக்கும்போது, வாங்கிய பிறகு எதையெல்லாம் மாற்ற முடியும், எதையெல்லாம் மாற்றவே முடியாது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கியர், கேசட், டயர், சீட், ஸ்டெம் (ஹேண்டிலைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு), ஏன் சக்கரங்களைக்கூட நாளடைவில் தேய்மானத்தை ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். சட்டத்தின் வடிவம், அதில் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பது, பிரேக் எந்த வகை என்பது ஆகிய மூன்றும் வண்டியின் பிறவிக் குணங்கள். டியாக்ரா, சோரா என்று பெயர்ப்பலகையை ஒப்பிடுவதில் காட்டும் அக்கறையை இந்த மூன்றில் காட்டாமல் போவதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எடையைப் பற்றிக் கணக்காகவே பார்த்துவிடுவோம். வண்டியோடு சேர்த்து நீங்கள் 79.3 கிலோ, அல்லது 80.6 கிலோ, வித்தியாசம் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். அதை நீங்கள் மூன்று மணி நேரத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அந்த 1.3 கிலோ உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது மூன்று நிமிடம். வழியில் ஒரு டீ குடிக்க நிற்கும் நேரம்கூட இல்லை.

கடைசிக் கியருக்கு வாருங்கள். செங்குத்தான இடத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள் என்றால், முன்னால் 34, பின்னால் 28 உள்ள வண்டியில் நிமிடத்துக்கு 59 சுற்றுதான் மிதிக்க முடியும். பின்னால் 34 இருந்தால் அதே வேகத்துக்கு 70 சுற்று வரும். முதல் அரை மணி நேரத்தில் இது பெரிதாகத் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் முழங்கால் சொல்லும். எனக்கு வயது 56 என்பதால் இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்கிறேன்.

டயரின் அகலம் சொகுசுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் எடைக்கு 25 மி.மீ. டயரில் 90 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று வைக்க வேண்டும். இல்லையேல் குழியில் இறங்கும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரட்டைத் துளை விழும். 32 மி.மீ. டயரை 55, 60இல் ஓட்டலாம். கரடுமுரடான தாரில் கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு பொடிக்கல்லின் மேலும் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, அந்தத் துள்ளலில் உங்கள் உழைப்புதான் வீணாகிறது. நம் கிளை ரோடுகளில் அகலமான டயர் மெதுவாக ஓடும் என்பது பழைய நம்பிக்கை. மண் பாதை என்றும் சொல்லிவிட்டீர்கள். என் தேர்வு இரண்டாவது வண்டி.

பதில் 2: பாலக்காட்டுக் காற்று

நொய்யல்கரை ஐயா சொன்ன கணக்குகளில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் முதல் வண்டியைப் போன்ற ஒன்றை ஆறு ஆண்டுகளாக ஓட்டுபவன் என்ற முறையில், அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஓட்டும்போது உங்கள் வேகத்தை நீங்கள் தீர்மானிப்பதில்லை, முன்னால் போகிறவர் தீர்மானிக்கிறார். அங்கே கியர்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிகவும் முக்கியம். 11-34 கேசட்டில் 17 பல்லுக்கு அடுத்தது 20. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்துக்கொண்டிருப்பவர் எதிர்க்காற்று கூடியதும் ஒரு கியர் இறக்கினால், அதே வேகத்தில் நிற்க 106 சுற்று மிதிக்க வேண்டும். 12-28இல் 17க்கு அடுத்தது 19. அங்கே 100 சுற்று போதும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வாளையார்ப் பக்கம் ஓட்டியவர்களுக்கு இந்த ஆறு சுற்றின் அருமை தெரியும். ஒரு கியர் பாரமாகவும் அடுத்தது வெறுமையாகவும் இருக்க, இடையில் ஒன்று கிடைக்காதா என்று கை அனிச்சையாக லீவரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது பராமரிப்பு. ரிம் பிரேக்கில் கோளாறு வந்தால் ரோட்டோரத்தில் ஓர் ஆலன் கீயை வைத்துக்கொண்டு நானே சரிசெய்துவிடுவேன். ரப்பர் கட்டை விலையும் குறைவு. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் அப்படியல்ல. பல மாடல்களில் ஒரு பக்கத்துப் பேடு மட்டுமே நகரும், தேயத் தேய இரண்டு பக்கத்தையும் நாமே திருகிச் சரிசெய்ய வேண்டும், ஹைட்ராலிக்கைப்போல் தானாக ஈடுகட்டிக்கொள்ளாது. செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது ஒரு துளி டிஸ்க்கில் பட்டால் பேடு பாழ். பிறகு ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி கிறீச்சிடும். வடவள்ளி நண்பர் வாரம் மூன்று நாள் நகர நெரிசலில் ஓட்டுபவர் என்பதால் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மலைக்கு 28 போதாது என்றால், டியாக்ராவில் நீளமான பின் டிரெயிலியரும் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் கருவி) 11-34 கேசட்டும் போட்டுக்கொள்ளலாம். செயினும் மாற்ற வேண்டியிருக்கும். செலவு உண்டு, ஆனால் முடியாத காரியமில்லை.

பதில் 3: ஆலியாறு அணை

மூன்று பருவங்களாகப் பிரெவே ஓட்டுகிறேன். இதுவரை யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை, அதாவது ஹேண்டிலின் உயரத்தைப் பற்றி, என் சொந்த நட்டத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

என் முதல் ரோடு பைக் எனக்கு ஓர் அளவு பெரியது. தள்ளுபடியில் அந்த ஒரு வண்டிதான் மிச்சம் இருந்தது; ஸ்டெம்மைச் சிறியதாக மாற்றினால் போதும் என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். 60 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் தெரியவில்லை. 200 கிலோமீட்டர் ஓட்டியபோது, 130ஐத் தாண்டியதும் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. உடம்பு முன்னால் சாய்ந்து, பாரம் முழுவதும் உள்ளங்கையின் ஓரத்தில், அந்த விரல்களுக்குப் போகும் நரம்பின் மேல் இறங்கிவிட்டது. ஓட்டத்தை முடித்தேன், ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் சட்டைப் பொத்தானைப் போட என் தங்கையைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த வண்டியை வாங்கிய விலையில் பாதிக்குத்தான் விற்க முடிந்தது.

200 கிலோமீட்டர் பிரெவேக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் முடித்துவிடலாம். ஆகவே அங்கே தேவைப்படுவது அதிக வேகமன்று, பத்தாவது மணி நேரத்திலும் சீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கக்கூடிய உடம்பு. 25 மி.மீ. உயரம் என்பதைத் தாளில் படிக்கும்போது சிறியதாகத் தெரியும். கழுத்துக்கும் கைக்கும் அது சிறியதன்று. முதல் வண்டியில் ஸ்பேசர்கள் (ஹேண்டிலை உயர்த்தும் வளையங்கள்) ஏற்கெனவே முழுவதும் போடப்பட்டிருந்தால் அதற்கு மேல் ஹேண்டிலை உயர்த்தவும் வழி குறைவு.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். கோத்தகிரியிலிருந்து மழையில் ரிம் பிரேக்கோடு இறங்கியிருக்கிறேன். பிரேக்கைப் பிடித்ததும் முதலில் ஒன்றுமே நடக்காது. சக்கரம் சில சுற்று சுற்றி ரிம்மில் உள்ள தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். அந்தச் சில சுற்றுகளுக்குள் வளைவு வந்துவிடுகிறது. கீழே வந்து பார்த்தால் ஃபோர்க் முழுவதும் கறுப்பாக ஒரு குழம்பு ஒழுகியிருக்கும். அது ரப்பரும் ரிம்மின் அலுமினியமும் அரைபட்ட கலவை. வெயில் நாளில் ரிம் பிரேக் எனக்குக் குறையாகப் பட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். உங்கள் பெடலையும் ஷூவையும் எடுத்துச் சென்று, சீட் உயரத்தைச் சரியாக வைத்து, இரண்டையும் குறைந்தது 40 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முன்பணம் கேட்டால் கொடுத்துவிட்டாவது ஓட்டுங்கள்.

வடவள்ளி சைக்கிள்காரன்

அனைவருக்கும் நன்றி. ஆலியாறு அணை அக்கா சொன்னபடி இன்று காலை இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

முதல் வண்டி புறப்படும்போதே துள்ளிக்கொண்டு போகிறது; நின்று மிதித்தால் அதன் சுறுசுறுப்பு உடனே தெரிகிறது. அதை ஓட்டி இறங்கியதும் ஆசை அதன் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அரை மணி நேரத்துக்குப் பிறகு நான் கைகளை ஹூட்டிலிருந்து (பிரேக் லீவரின் மேலுள்ள பிடி) எடுத்து ஹேண்டிலின் மேல் பகுதிக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன் என்பதை, இரண்டாவது வண்டியில் அப்படிச் செய்யாதபோதுதான் கவனித்தேன்.

இன்னொன்றையும் சோதித்தேன். முதல் வண்டியில் 28 மி.மீ. டயர் போடலாம் என்று கடையில் சொன்னதால், இப்போதுள்ள 25 மி.மீ. டயருக்கும் பின் பிரேக்குக்கும் நடுவில் ஆலன் கீயை நுழைத்துப் பார்த்தேன். 4 மி.மீ. கீ உரசாமல் போனது, 5 மி.மீ. கீ போகவில்லை. 28 போட்டால் டயர் ஏறத்தாழ 3 மி.மீ. உயரும்; மிஞ்சுவது ஒரு மி.மீ. சேற்றில் ஒரு சிறு கல் ஒட்டினாலே பிரேக்கை உரசிக்கொண்டுதான் ஓடும்.

ஆகவே இரண்டாவது வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கைக்கு வருகிறது. பாலக்காட்டுக் காற்று அண்ணன் சொன்ன 17, 20 இடைவெளியை இன்றே உணர்ந்தேன். அது உண்மைதான், பழகிக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி எனக்குப் புதிது. முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பாலக்காட்டுக் காற்று

வாழ்த்துகள், தம்பி. முழங்கையும் கழுத்தும் சொன்னதைக் கேட்டு முடிவெடுத்திருக்கிறீர்கள், அதற்கு மேல் நான் வாதாட ஒன்றுமில்லை.

புதிய டிஸ்க்கும் பேடும் முதல் நாளில் முழுமையாகப் பிடிக்காது, அவற்றைப் பழக்க வேண்டும். காலையில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில் மருதமலை ரோட்டுக்குப் போங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும், பிரேக்கைச் சீராக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். சக்கரம் முழுவதும் நிற்கும் முன் விட்டுவிடுங்கள். முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. ஒவ்வொரு முறையும் பிடி கூடுவது விரலிலேயே தெரியும். இறங்கியவுடன் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். ஆறிய பிறகும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே பேடுக்கு ஆகாது. செயினுக்குத் தெளிக்கும் எண்ணெய் வேண்டாம், சொட்டு சொட்டாக விடும் புட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். கேபிள்கள் புதிதில் சற்றே இளகும் என்பதால், முதல் 200 கிலோமீட்டர் ஆனதும் கியரையும் பிரேக்கையும் ஒருமுறை கடையில் காட்டிச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகு கோத்தகிரிக்குப் புறப்படுங்கள்.