'டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி' ஏன் தப்பு? எட்டாம் வகுப்பு அட்ஜெக்டிவ் சந்தேகம்

காவேரிப்பட்டணம் அப்பா:
வணக்கம். மகள் எட்டாவது படிக்கிறாள். மாம்பழத்தைப் பற்றி இங்கிலீஷில் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள், நம்ம பக்கம் மாம்பழத்துக்கா பஞ்சம், செந்தூரா, பெங்களூரா என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டாள். அதில் 'த செந்தூரா டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி', 'ரெட்ஸ் மேங்கோஸ்', 'பிளாஸ்டிக் யெல்லோ பிக் க்ரேட்' (க்ரேட் என்றால் பழம் அடுக்கும் பெட்டி) மூன்றுக்கும் மிஸ் வட்டம் போட்டிருக்கிறார். வினையோடு வந்தால் அட்வெர்ப், 'லி' சேர்க்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள் என்று கேட்கிறாள். எனக்கும் அவள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. புதன்கிழமை டெஸ்ட், தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

அரூர் டீச்சர்:
சார், பாப்பா கேட்டது நல்ல கேள்வி. அந்தச் சொல் எதன் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்காதீர்கள், எதைப் பற்றிச் சொல்கிறது என்று பாருங்கள். இனிப்பு பழத்தின் குணம், அதனால் 'டேஸ்ட்ஸ் ஸ்வீட்'. தமிழில் 'பழம் இனிப்பாக இருக்கிறது', 'அவள் இனிமையாகப் பாடினாள்' இரண்டுக்குமே 'ஆக' போட்டுவிடுகிறோம், நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இங்கிலீஷில் பழத்துக்கு ஸ்வீட், பாடிய விதத்துக்கு ஸ்வீட்லி. ஸ்மெல், ஃபீல், சவுண்ட், சீம், பிகம் எல்லாம் டேஸ்ட் மாதிரிதான். சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு 'ஈஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'த செந்தூரா ஈஸ் ஸ்வீட்' சரியாக நிற்கிறதா, அப்போது அட்ஜெக்டிவ்.

'லுக்' மாதிரி சில வினைகள் இரண்டு பக்கமும் போகும். ஒகேனக்கல் குரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 'த மங்கி லுக்ட் ஆங்ரி' என்றால் அதன் முகத்தில் கோபம் தெரிந்தது. 'த மங்கி லுக்ட் ஆங்ரிலி அட் அஸ்' என்றால் அது நம்மை முறைத்தது, பார்த்த விதத்தைச் சொல்கிறோம், அதனால் அங்கே 'லி' வரும்.

ஓசூர்க்காரன்:
மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன். பழம் எத்தனை இருந்தாலும் அட்ஜெக்டிவுக்கு எஸ் கிடையாது, 'ரெட் மேங்கோஸ்' தான். திஸ் என்பது தீஸ் ஆவதும், தட் என்பது தோஸ் ஆவதும்தான் விலக்கு. 'எ ஃபைவ் இயர் ஓல்ட் ட்ரீ' என்று மரத்துக்கு முன்னால் எழுதும்போதும் இயருக்கு எஸ் வராது, ஆனால் 'த ட்ரீ ஈஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்' என்றால் வரும், இதை டெஸ்டில் அடிக்கடி கேட்பார்கள். வரிசைக்கு: நம் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், எந்த ஊர், எதனால் செய்தது. அப்படிப் பார்த்தால் 'பிக் யெல்லோ பிளாஸ்டிக் க்ரேட்'. க்ரேட் நல்ல க்ரேட் என்றால் அந்த 'குட்' எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும்.

காவேரிப்பட்டணம் அப்பா:
ரொம்ப நன்றிங்க. அந்த ஈஸ் கணக்கை உடனே பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒன்று, பயந்துபோன அணில் என்பதற்கு 'அன் அஃப்ரெய்ட் ஸ்குவிரல்' என்று எழுதியதற்கும் வட்டம். 'த ஸ்குவிரல் ஈஸ் அஃப்ரெய்ட்' சரியாகத்தானே நிற்கிறது?

அரூர் டீச்சர்:
நிற்கும் சார், ஆனால் அஃப்ரெய்ட், அஸ்லீப், அலைவ், அலோன் இதெல்லாம் வினைக்குப் பின்னால் மட்டும் வரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கக் கூடாது. முன்னால் வேண்டுமென்றால் 'எ ஃப்ரைட்டன்ட் ஸ்குவிரல்', 'எ ஸ்லீப்பிங் பேபி' என்று வேறு சொல் போட வேண்டும். இந்த நாலையும் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விதி தேடிக்கொண்டிருக்காமல் மனப்பாடம் செய்வதே நல்லது.