மெதுவாக்கினால் ஒலி மங்கிப்போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
மூங்கில்கள் காற்றில் உரசும் சத்தத்தையும், பாறை விளிம்பில் நீர் சொட்டுவதையும் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) பதிவு செய்தேன். டார்க் ஆம்பியன்ட் என்னும் இருண்ட சூழல் இசைக்காக வேகத்தைக் கால்பங்காகக் குறைத்தால் மூங்கில் வயதானவர்போல முனகுகிறது. அந்த முனகல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாமே கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கிறது. ஏன்?

பதில் 1:
48-இல் பதிவானால் அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரைதான் ஒலி இருக்கும். நான்கு மடங்கு மெதுவாக்கும்போது சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கி, அந்த 24-ம் 6 ஆகிவிடும்; அதற்கு மேல் ஒலியே இல்லாததால்தான் மங்கலாகக் கேட்கிறது. 96-இல் பதிவு செய்தால் 12 வரை கிடைக்கும். மைக்கும் அந்த உயர்ந்த அதிர்வெண்களைப் பிடிக்க வேண்டும், அதைக் கவனியுங்கள்.

பதில் 2:
மறுபடி பதிவு செய்ய முடியாவிட்டால், மெதுவாக்காத அதே மூங்கிலை மேலே மிக மெல்லிதாகச் சேருங்கள். அப்படிச் சேர்த்ததில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். அப்புறம் நீர்ச்சொட்டுக்கு நீண்ட ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற விளைவு) கொடுத்து, அசல் சொட்டை எடுத்துவிட்டு, தேய்ந்து மறையும் எதிரொலியான வால் பகுதியை மட்டும் வையுங்கள். எனக்கு அதில்தான் இருட்டே கிடைத்தது.

கேள்வி கேட்டவர்:
சொட்டு இல்லாமல் வால் மட்டும் கேட்டேன். யாரோ பக்கத்தில் மூச்சை இழுத்து நிறுத்தியதுபோல இருந்தது. மூங்கிலை நாளைக்கே 96-இல் எடுக்கப் போகிறேன்.