வண்டி என் பெயரில், ஆப் பழைய ஓனரிடம்: எப்படி மாற்றுவது?

பள்ளிக்கரணை பாலு
வணக்கம். மூன்று வாரம் முன்பு 2022 மாடல் எஸ்யூவி ஒன்றை நேரடியாக அதன் ஓனரிடமே வாங்கினேன். படிவம் 29, 30 எல்லாம் கொடுத்து ஆர்.சி. என் பெயருக்கு வந்துவிட்டது. இன்சூரன்ஸும் மாற்றியாகிவிட்டது.

போன ஞாயிறு பெசன்ட் நகரில் வண்டியை நிறுத்திவிட்டு, மணலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழைய ஓனர் போன் செய்தார். "சார், பின்கதவு சரியா மூடல போல. என் போன்ல கார் கம்பெனி ஆப்ல நோட்டிஃபிகேஷன் வந்துச்சு. எலியட்ஸ் பீச்லதானே இருக்கீங்க?" நல்ல மனுஷன், உதவத்தான் கூப்பிட்டார். எனக்குத்தான் அதற்கப்புறம் சுண்டல் இறங்கவில்லை.

அன்று இரவே திரையில் ஃபேக்டரி ரீசெட் போட்டேன். அதற்கு முன் பார்த்தால், அவர் மாமனார் நம்பர் வரை அதில் கிடக்கிறது. 'வீடு' என்று தொட்டால் கொரட்டூருக்கு வழி காட்டுகிறது. ரீசெட்டில் அதெல்லாம் போய்விட்டது. ஆனால் அவர் ஆப்பில் என் வண்டி இன்னும் தெரிகிறதாம்.

என் போனில் ஆப் போட்டு சேஸி நம்பர் கொடுத்தால், 'இந்த வாகனம் வேறு கணக்கில் உள்ளது' என்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் பழைய ஓனர்தான் நீக்க வேண்டுமாம். அவர் நீக்கப் போனால் ஓடிபி கேட்கிறது. அது போவது அவர் விட்டுவிட்ட பழைய ஆபீஸ் நம்பருக்கு! இனி யாரைப் பிடிப்பது?

ஓஎம்ஆர் ரைடர்
டெலிமேட்டிக்ஸ், அதான் வண்டித் தகவலை கம்பெனிக்கு அனுப்புற யூனிட், அதோட ஃப்யூஸைப் பிடுங்கிடுங்க ப்ரோ. கதை முடிஞ்சுது.

கிண்டி ஒர்க்‌ஷாப்
தயவுசெய்து பிடுங்காதீர்கள். அதோடு அவசர உதவிக்கு அழுத்தும் எஸ்ஓஎஸ் பட்டனும் போய்விடும். சில வண்டிகளில் அந்த யூனிட்டுக்குள்ளேயே தனி பேட்டரி இருக்கிறது, ஃப்யூஸை எடுத்தாலும் கொஞ்ச நேரம் ஓடும். வாரன்ட்டிக்காரனிடமும் வாதாட வேண்டிவரும்.

பாலு சார், ரீசெட் அழித்தது திரையின் நினைவகத்தை மட்டும்தான். கதவு திறந்திருக்கிறது, வண்டி இங்கே நிற்கிறது, வேகம் இவ்வளவு என்று அனுப்புவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் வேறு பெட்டி. அதற்குள் இ-சிம், அதாவது உள்ளேயே பதித்த சிம், இருக்கிறது. அது கம்பெனி சர்வரோடு நேராகப் பேசும், உங்கள் போனைக் கேட்காது. எந்தக் கணக்கோடு எந்த சேஸி நம்பர் என்ற முடிச்சும் அந்த சர்வரில்தான் இருக்கிறது. ஆர்டிஓவில் பெயர் மாறியது அந்த சர்வருக்கு எப்படித் தெரியும்? யாராவது போய்ச் சொன்னால்தான்.

வண்டியின் செட்டிங்ஸில் லொக்கேஷன் ஷேரிங்கை நிறுத்தும் வசதி இருந்தால், இப்போதைக்கு அதை அணைத்து வையுங்கள். எல்லா மாடலிலும் இருக்காது. அப்புறம் ஆர்.சி. நகல், விற்பனை ஒப்பந்தம், அடையாள அட்டை, 17 எழுத்து-எண் கொண்ட சேஸி நம்பர், கூடவே பழைய ஓனர் கையெழுத்திட்ட ஒரு கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து மெயில் போடுங்கள். போனில் பேசினால் வேலை நடக்காது.

மயிலாப்பூர் வக்கீல்
மெயிலைக் குறைதீர்ப்பு அலுவலருக்குப் போடுங்கள், கஸ்டமர் கேருக்கு அல்ல. 2011 ஐடி விதிகளின்படி கம்பெனிகள் அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் இணையதளத்தில் போட வேண்டும். புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பிரைவசி பாலிசி பக்கத்தின் அடியில் தேடுங்கள், யாரும் படிக்காத இடத்தில் இருக்கும்.

தகவல் யாருடையது என்றால், நம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு 'ஓனர்' என்று யாரையும் சொல்வதில்லை. தகவல் யாரைப் பற்றியதோ அவருக்குச் சில உரிமைகள் தருகிறது: என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்க, திருத்தச் சொல்ல, அழிக்கச் சொல்ல. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். இப்போதே அதைக் காட்டி மிரட்டினால் சிரிப்பார்கள்.

ஐரோப்பாவில் வேறு வழி. அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் தரவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர், லீஸுக்கு எடுத்தவர்கூட, அதன் தரவை வாங்கி தனக்குப் பிடித்த மெக்கானிக்குக் கொடுக்கச் சொல்லலாம். கிண்டி சாருக்குப் பிடிக்கும்.

கிண்டி ஒர்க்‌ஷாப்
பிடிக்காமலா! இங்கே நான் வண்டியின் கோளாறு பார்க்கும் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகி, கிடைப்பதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

குரோம்பேட்டை ஆக்டிங்
நான் ஆக்டிங் டிரைவர். வண்டியும் எனதில்லை, ஆப்பும் எனதில்லை. போன மாதம் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் ஏற்ற திடீரென்று நின்றது. பிரேக் அடித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ஓனர் போனை நீட்டுகிறார்: 'கடுமையான பிரேக்கிங் 1, ஸ்கோர் 71'. ஷேர் ஆட்டோ அதில் எங்கே இருக்கிறது? மூன்று வருடமாக ஓட்டுகிறேன், என்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. வக்கீல் சார், அந்தச் சட்டத்தில் எனக்கு இடம் உண்டா?

மயிலாப்பூர் வக்கீல்
உண்டு அண்ணா. வண்டி யார் பெயரில் என்பது கணக்கே இல்லை. அந்த ஸ்கோர் உங்களை அடையாளம் காட்டும் என்றால் அது உங்கள் தகவல்தான். கம்பெனிக்கு உங்கள் பெயரே தெரியாதே, அங்கேதான் சிக்கும்.

பிரேக் விஷயம் சின்னதில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மேல் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் சொன்ன புகாரே இதுதான்: சில சமயம் மூன்று விநாடிக்கு ஒரு முறை இருப்பிடம் சேகரித்து, ஓட்டும் விதத்தையும் சேர்த்து, தெளிவான சம்மதமில்லாமல் விற்றார்கள் என்று. நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு, அதாவது ஆட்களைப் பற்றிய விவரத்தைத் தொகுத்து இன்சூரன்ஸ்காரர்கள் போன்றவர்களுக்கு விற்பவர்களுக்கு, அதைக் கொடுக்க ஐந்து வருடம் தடை. நம் ஊரிலும் 2022 முதல், ஓட்டும் விதத்தைப் பார்த்து பிரீமியம் போடும் பாலிசிக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்திருக்கிறது.

பள்ளிக்கரணை பாலு
மெயில் போட்ட பதினோராம் நாள் ஆப் என் கைக்கு வந்துவிட்டது. குறைதீர்ப்பு அலுவலர் மெயில்தான் வேலை செய்தது. எல்லோருக்கும் நன்றி. என் முதல் சில வாரப் பயணம் மட்டும் அதில் இல்லை. "புதுக் கணக்கு இன்னிக்குத்தான் சார் ஆரம்பம்" என்றார்கள். பழையதை அழித்தீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

கிண்டி ஒர்க்‌ஷாப்
சரி, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் யாருடையது? பழையது என்றால், நீங்கள் பரனூர் டோல்கேட் தாண்டும்போதெல்லாம் அவருக்கு எஸ்எம்எஸ் போகும்.

பள்ளிக்கரணை பாலு
அவருடையதுதான். போன வாரம் திண்டிவனம் போய் வந்தேன், பணம் யாருக்குக் கழிந்தது என்று யோசிக்கவே இல்லை. இதோ கூப்பிடுகிறேன்.