வேன் வீட்டின் கழிவுத் தொட்டி: குழாய் மாற்றிய அனுபவங்கள்

முதல் பதிவு – நாகர்கோவில்

கழிவறையோடு கூடிய வேன் வைத்திருப்பவர்கள் நம் மாவட்டத்தில் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். படுக்கை, சோலார் தகடு, ஃபிரிட்ஜ் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். வண்டியின் அடியில் தொங்கும் கழிவுத் தொட்டியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை. என் வண்டியில் என்ன கெட்டிருந்தது, எப்படிச் சரியாயிற்று என்று நான் தொடங்குகிறேன். மற்றவர்களும் தங்கள் வண்டியில் கண்டதைச் சொல்லுங்கள்.

வண்டி நான் பழையதாக வாங்கியது. முந்தைய உரிமையாளர் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கட்டவைத்திருந்தார். அடியில் இரண்டு தொட்டிகள்: மலக்கழிவுக்கு ஒன்று, குளியலறை, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றின் அழுக்குநீருக்கு ஒன்று. தண்ணீர் விட மிதியை அழுத்தினால் வண்டி முழுவதும் துர்நாற்றம் அடிக்கும். தொட்டியைக் காலி செய்த பிறகும் முக்கால் பங்கு நிறைந்திருப்பதாக விளக்கு எரியும். வால்வை எவ்வளவு இறுக்கித் தள்ளினாலும் வெளிக்குழாயில் சொட்டிக்கொண்டே இருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு மருந்தை ஊற்றச் சொன்னார்கள். மருந்து வாசனையும் துர்நாற்றமும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம்.

தக்கலையைச் சேர்ந்த பிளம்பர் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். வேலையைத் தொடங்குமுன் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: இனி இந்தத் தொட்டிக்குள் எவருடைய கையும் போகும் நிலை வரக் கூடாது. அடைப்பு எடுக்கவும், கழுவவும், பாகம் மாற்றவும் அதற்கு வழி செய்து குழாய் போட வேண்டும். மலத்தை மனிதன் கையால் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதும் குற்றம். ஊருக்குப் பொருந்தும் அந்த நியாயம் என் வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பது என் பிடிவாதம். செலவு கூடினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் தொட்டியைக் காலி செய்து, பலமுறை நீர் நிரப்பி அலசி, காயவிட்டு, அதன்பின் கழற்றினோம். துர்நாற்றத்தின் காரணம் காற்றுக்குழாயில் இருந்தது. தொட்டியிலிருந்து கூரைக்குப் போகும் அந்தக் குழாய் தொட்டியின் மேல்தட்டோடு நிற்காமல், உள்ளே நான்கு விரல் அளவுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. கழிவு அந்த மட்டத்தைத் தொட்டதும் குழாயின் வாய் மூழ்கிவிடும். பிறகு வாயுவுக்கு வெளியேற வேறு வழி? நாம் மிதியை அழுத்தும்போது கழிவறைக் கிண்ணத்தின் வழியே மேலே வருகிறது. நீட்டிய பகுதியை அறுத்துத் தட்டோடு தட்டாக்கியதும் நாற்றத்தில் பெரும்பகுதி அன்றே போய்விட்டது.

விளக்கு பொய் சொன்னதற்குக் காரணம் உணரிகள். தொட்டிச் சுவரைத் துளைத்து உள்ளே நீட்டியிருக்கும் உலோகத் திருகுகள் அவை. காகிதமும் பிசுக்கும் அவற்றின் மேல் படிந்துவிட்டால் மின்சாரம் அந்தப் படிவின் வழியே ஓடி, தொட்டி நிறைந்துவிட்டதாகக் காட்டும். துளைகளை அடைத்துவிட்டு, சுவரின் வெளிப்புறம் ஒட்டிவைக்கும் வகை உணரிக்கு மாறினோம்.

வால்வு கதை நீளமானது. அதைத் தம்பியே எழுதட்டும்.

மறுமொழி – தக்கலை

வணக்கம். அண்ணாச்சி வண்டியில் வேலை பார்த்தவன் நான். வீட்டுக் குழாய் வேலைதான் என் தொழில். வேன் வேலை அதிலிருந்து எங்கே மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த வண்டிகளில் வரும் தகடு வால்வு பெரும்பாலும் அமெரிக்க அளவு. 3 அங்குலம் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் அது சேரும் குழாயின் வெளிவிட்டம் 88.9 மி.மீ. நம் கடையில் 3 அங்குலம் என்று கேட்டால் 75 மி.மீ. கழிவுக்குழாயைத் தருவார்கள், இல்லாவிட்டால் 90 மி.மீ. தருவார்கள். இரண்டும் பொருந்தாது. முந்தைய பட்டறையில் 90 மி.மீ. குழாயின் முனையைச் சூடாக்கி நசுக்கி உள்ளே திணித்து, மேலே பசையை அப்பியிருந்தார்கள். சொட்டாமல் என்ன செய்யும்? நான் இரண்டுக்கும் நடுவே தடித்த ரப்பர் உறை போட்டு, இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பால் இறுக்கினேன். வண்டியின் குலுக்கத்தையும் அந்த ரப்பர் தாங்கிக்கொள்ளும். நாளைக்கு வால்வு மாற்ற வேண்டுமென்றால் கிளாம்பைத் தளர்த்தினால் போதும், அறுக்க வேண்டாம்.

வீட்டில் ரப்பர் வளையம் வைத்துத் தள்ளி மாட்டும் குழாய் நன்றாக உழைக்கும். ஓடும் வண்டியில் அது மெல்ல நழுவி வெளியே வருகிறது. வேனுக்குப் பசை போட்டு ஒட்டும் வகையே எடுங்கள். கழிவுநீர்க் குழாய்களில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை மலக்கழிவுக்கு. ஏ வகையின் சுவர் மெலிந்தது. விலை குறைவு என்று அதை வண்டிக்கு அடியில் போடாதீர்கள், கல் தெறித்தால் விரிசல் விடும். குழாயை இரண்டு அடிக்கு ஒரு இடத்தில் ரப்பர் வைத்த கிளாம்பால் பிடித்திருக்கிறேன்.

சாய்வு மீட்டருக்கு 2 செ.மீ. வேண்டும். வண்டி சமதரையில் நிற்கும்போது இந்தக் கணக்கு. பழைய குழாயில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நின்றது, அதாவது சாய்வே இல்லை. அதோடு ஒரே இடத்தில் 90 டிகிரி வளைவு. அதை எடுத்துவிட்டு 45 டிகிரி வளைவுகள் இரண்டு போட்டேன். திருப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ‘டோர் டீ’ வைத்தேன். அடுக்குமாடி வீடுகளின் பின்சுவரில் போல்ட் போட்ட சிறு கதவோடு இருக்கும் அதே சாமான்தான். அடைத்தால் கதவைக் கழற்றி நீர்ப்பீச்சிக் குழாயை விட்டுவிடலாம். அண்ணாச்சி கேட்டது இதைத்தான்.

வால்வின் தகடு இறங்கும் பள்ளத்தில் மணலோ காகிதமோ சேர்ந்தாலும் முழுதாக மூடாது. உள் ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வண்டி கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும். கம்பிவடம் இழுத்துத் திறக்கும் வால்வு நம் உப்புக்காற்றில் சீக்கிரம் இறுகிக்கொள்கிறது. நேராகக் கைப்பிடியை இழுக்கும் வகை நல்லது. வெளிமுனையில் இரண்டாவது வால்வு ஒன்றையும் சேர்த்துவிட்டேன். முதலாவது சற்றே கசிந்தாலும் மூடியைத் திறக்கும்போது காலில் கொட்டாது.

மறுமொழி – குளச்சல்

பைபர் வள்ளம் பழுதுபார்க்கிறவன். வேன் தொட்டி விரிசலோடு என்னிடமும் வருகிறார்கள். வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, தொட்டி எந்தப் பொருள் என்பது. மாடியில் வைக்கும் கறுப்பு நீர்த்தொட்டிபோல் பாலிஎத்திலீன் என்றால் என் ரெசினும் (பைபர் பிசின்) மேட்டும் (கண்ணாடியிழை விரிப்பு) அதில் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரியும், பள்ளத்தில் விழுந்து எழுந்தால் தோலாக உரிந்துவிடும். அதற்கு வெப்பக்காற்றால் அதே பிளாஸ்டிக்கை உருக்கி வைத்துப் பற்றவைக்க வேண்டும். குழாய்ப் பசையும் அதில் பிடிக்காது. குழாய் நுழையும் துளைக்கு ரப்பர் வளையமோ இருபக்கமும் மரை போட்டு இறுக்கும் இணைப்போதான் கதி.

பைபர் தொட்டி என்றால் வள்ளத்தின் அடிப்பலகைக்குச் செய்வதையே செய்கிறேன். விரிசலோடு நிறுத்தாமல் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, அடுக்கடுக்காக மேட் போடுவேன். கழிவைத் தாங்க ஐசோ ரெசின் அல்லது வினைல் எஸ்டர் வேண்டும். சாதாரண ரெசின் நாளடைவில் கொப்பளிக்கும். தாமே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெசினை இறுகவைக்கப் போடும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்.

தொட்டியைத் தாங்கும் பட்டையைப் பாருங்கள். 120 லிட்டர் நிறைந்தால் 120 கிலோ, அதுவும் ஆடும் கனம். கடற்கரைச் சாலையிலேயே ஓடும் வண்டியில் வெறும் இரும்புப் பட்டை உள்ளுக்குள் தின்றுபோய்ப் பெயிண்ட் மட்டும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் கிடைத்தால் அதையே போடுங்கள். 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்பேறும்.

மறுமொழி – மார்த்தாண்டம்

மலத்தொட்டியைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்களைப் படுத்தியது சமையல் கழிவுநீர். நம் வீடுகளில் எல்லாமே தேங்காய் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது தெரிந்ததே. இங்கே வருடம் முழுவதும் அது குழாயில் நீராக ஓடிப் போய்விடுகிறது. மூணாறுக்குப் போனோம், இரவுக் குளிரில் மீன்குழம்புச் சட்டி கழுவிய நீர் குழாய்க்குள்ளேயே உறைந்து, அரைத்த தேங்காய்ப் பிசிறும் சேர்ந்து, காலையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் நீர் அசையவில்லை. கொதிநீர் ஊற்றிப் பார்த்தோம், இளகி நகர்ந்து இன்னும் தள்ளிப் போய் மறுபடி உறைந்தது. மலையிறங்கி வந்த பிறகுதான் தானாக விட்டது. இப்போது 40 மி.மீ. குழாயை 50 ஆக்கியிருக்கிறோம். அதைவிட முக்கியம், சட்டியைத் தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். என் மாமியார் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. மூணாறு கண்ட பிறகு அவர்களே தாளை எடுத்து வைக்கிறார்கள்.

குளியலறையில் வீட்டுக்குப் போடும் நானி டிராப் (உள்ளே நீர் தேங்கி வாடையைத் தடுக்கும் தரை வடிகால் கிண்ணம்) போட்டிருந்தார்கள். மலைச்சாலைத் திருப்பங்களில் அதன் நீர் தளும்பிக் காலியாகி, தொட்டியின் வாடை உள்ளே வரும். நீரில்லாமல், சிலிக்கான் இதழால் மூடிக்கொள்ளும் வகைக்கு மாற்றியபின் அந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி – ஆரல்வாய்மொழி

சுற்றுலா வேன் ஓட்டுநர். கூரைமேல் காற்றுக்குழாய்க்கு வெறும் தொப்பிமூடி மட்டும் இருந்தால், ஆனி ஆடியில் முப்பந்தல் காற்றில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். காற்று குழாய்க்குள் புகுந்து வாயுவை உள்ளே தள்ளும். காற்றின் திசைக்குத் தானே திரும்பும் மூடி போட்டதும் அது நின்றது. இன்னொன்று: கழிவறையின் காற்றுவிசிறி ஓடும்போது மிதியை அழுத்தாதீர்கள். விசிறி அறைக் காற்றை உறிஞ்சும்போது தொட்டிக்குள் இருப்பதையும் சேர்த்து இழுக்கிறது.

மறுமொழி – நாகர்கோவில் (இழை தொடங்கியவர்)

காலி செய்வது எங்கே என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: என் வீட்டுச் செப்டிக் தொட்டியில். வெளியூரில், இடம் கொடுத்தவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் ஒப்புக்கொண்டால் அவருடைய செப்டிக் தொட்டியில். பழையாறு கடலில் சேரும் மணக்குடியிலும், குழித்துறை ஆறு சேரும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஆள் இல்லாத இடம் தேடி வால்வைத் திறக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. அந்தக் கழிமுகத்தில் இறங்கி மீன் பிடிக்கிறவர்கள் நம் ஆட்கள். அப்படிச் செய்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு இந்த இழையில் உதவி கிடையாது.

வீட்டுச் செப்டிக் தொட்டியின் மூடி என் வண்டியின் வால்வைவிட உயரத்தில் இருக்கிறது. அதனால் அரைத்துத் தள்ளும் 12 வோல்ட் பம்பு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். கழிவைக் கூழாக்கி, 25 மி.மீ. குழாயிலேயே மேட்டுக்கு ஏற்றிவிடும். மின்சாரம் நிறைய இழுக்கும், ஆகவே பேட்டரியிலிருந்து தடித்த வயரும் தனி ஃபியூஸும் வேண்டும். உலர ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும், சத்தம் மாறியதும் நிறுத்திவிடுங்கள். முதலில் மலத்தொட்டி, பிறகு அழுக்குநீர்த் தொட்டி என்ற வரிசையில் இறக்கினால் பின்னால் வரும் நீரே குழாயைக் கழுவிவிடும். செப்டிக் தொட்டியில் விடுகிறவர்கள் பினாயிலோ ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தோ ஊற்ற வேண்டாம், அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

வண்டி ஓரிடத்தில் பல நாள் நின்றாலும் மலத்தொட்டி வால்வைத் திறந்தே போட்டுவிடாதீர்கள். நீர் மட்டும் ஓடிப்போய்க் கட்டி அடியில் குவிந்து இறுகும். காலி செய்ததும் அடித்தளம் மூழ்கும் அளவுக்கு நீர் விட்டுவைத்தால் அந்தச் சிக்கல் வராது.

உள்ளே பீச்சிக் கழுவும் முனையையும் தம்பி வைத்துக் கொடுத்தார். அதற்கு நீர் தரும் குழாயில் பின்னோட்டத் தடுப்பு கட்டாயம். இல்லையென்றால் ஊர்க் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் தொட்டி நீர் குடிநீருக்குள் இழுபடும். கழுவும் குழாயைச் சிவப்பில் வாங்கித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், குடிநீர்க் குழாய் வண்டியின் மறுபக்கத்தில் இருக்கிறது. இரண்டின் முனைகளும் வேறு வேறு அளவு, அவசரத்தில்கூட ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது.

குளச்சல் அண்ணனிடம் ஒரு கேள்வி: தாங்கு பட்டைக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் நடுவே நாங்கள் ரப்பர் தாள் வைத்திருக்கிறோம். உப்புநீர் அதற்குள் தேங்கிப் பட்டையை அரிக்குமா, அல்லது வேறு ஏதாவது வைக்கலாமா?